மூளையில் ரத்தக்கசிவு வந்தவருக்கு அக்குபங்சர் செய்யலாமா?

நீங்கள் எழுதியதை ஒருமுறை சுருக்கிச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பாருங்கள். அப்பாவுக்கு 61 வயது. ஒன்பது வாரத்துக்கு முன்னால் மூளையின் இடது பக்கம் ரத்தக்கசிவு. மண்டையைத் திறந்து ரத்தக்கட்டியை எடுத்திருக்கிறார்கள், எலும்பை இன்னும் திரும்ப வைக்கவில்லை. வலது கால் கொஞ்சம் வருகிறது, கை சுத்தமாக வரவில்லை, சொல்ல நினைக்கும் வார்த்தை வாயில் சிக்கிக்கொள்கிறது. சித்தப்பா ஒரு அக்குபங்சர்காரரைக் கண்டுபிடித்திருக்கிறார். தலையிலும் கை கால்களிலும் ஊசி போட்டு மூன்று மாதத்தில் நடக்க வைக்கிறேன் என்கிறார் அவர். பலன் இருக்குமா என்பது உங்கள் கேள்வி. ஆனால் கடைசியில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "மாத்திரைகளைக் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்தினால்தான் ஊசி வேலை செய்யும் என்கிறார்." எனக்கு அந்த வரிதான் உண்மையான கேள்வியாகப் பட்டது. அதற்குப் பின்னால் இன்னொன்றும் இருக்கிறது. செய்யக்கூடிய ஏதோ ஒன்றைச் செய்யாமல் விட்டு, அதனால் அப்பாவின் கை வராமலே போய்விடுமோ என்ற பயம். அதையும் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

நான் பிசியோதெரபிஸ்ட். திருச்சியில் பத்தொன்பது வருடமாக இந்த வேலை, வருகிறவர்களில் பெரும்பாலோர் பக்கவாதக்காரர்கள். ஊசி போட நான் படித்ததில்லை. ஆனால் என்னிடம் வரும் குடும்பங்களில் பாதிப் பேர் வேறெங்காவது ஒரு வைத்தியமும் பார்த்துக்கொண்டுதான் வருவார்கள். எண்ணெய், வர்மம், புறா ரத்தம், ஊசி என்று எல்லாமே பார்த்திருக்கிறேன். அப்பாவின் ஸ்கேனை நான் பார்க்கவில்லை, அதனால் அவருக்கென்று எடுக்கும் முடிவு அவரை ஆபரேஷன் செய்த டாக்டரிடம் கேட்டுத்தான் இருக்க வேண்டும்.

சந்தேகமே இல்லாததை முதலில் சொல்லிவிடுகிறேன். மாத்திரையை நிறுத்தக் கூடாது. இந்த வயதில் மூளையின் ஆழத்தில் ரத்தம் கசிந்தால், காரணம் பெரும்பாலும் வருடக்கணக்காக ஏறியே இருந்த பி.பி.தான். அந்த அழுத்தத்தில் நைந்துபோன மெல்லிய குழாய்களில் ஒன்று வெடித்திருக்கிறது. கூடப் பிறந்த மற்ற குழாய்கள் அதே நைந்த நிலையில் உள்ளே இருக்கின்றன. 2001இல் வெளியான பிராக்ரஸ் என்ற ஆய்வில், ஏற்கெனவே பக்கவாதமோ, அதற்கு முன்னறிகுறியாக வந்து சீக்கிரமே சரியாகிவிடும் தற்காலிகப் பக்கவாதமோ வந்த 6,105 பேரைச் சுமார் நான்கு வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். பி.பி. மாத்திரை கொடுக்கப்பட்டவர்களுக்கு மூளை ரத்தக்கசிவு, வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு வந்ததில் பாதிதான். எங்கள் துறையில் இவ்வளவு தெளிவான பலன் காட்டிய விஷயங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஒருமுறை கசிந்தவர்களுக்கு 130/80க்குள் வைத்திருக்கச் சொல்வதும் இதனால்தான். வலிப்பு மாத்திரை இருந்தால் அதுவும் அப்படியே. தானாகத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரக்கூடும், மண்டையில் எலும்பு இல்லாத நிலையில் வலிப்பு வந்து கீழே விழுந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். என்னிடம் வந்துகொண்டிருந்த ஒருவர், கோல் ஊன்றித் தனியாகத் தெருமுனை டீக்கடை வரை போய் வருமளவுக்குத் தேறியவர், இப்படி ஒரு பேச்சை நம்பி மாத்திரையை விட்டார். சில மாதத்தில் மறுபக்கம் கசிந்தது. அதற்கப்புறம் அவர் எழுந்திருக்கவில்லை.

இதில் எனக்கு வேடிக்கையாகத் தோன்றுவது ஒன்று உண்டு. மாத்திரையை நிறுத்தச் சொல்வது அக்குபங்சர் பிறந்த ஊரான சீனாவின் பேச்சே கிடையாது. பக்கவாதத்துக்குத் தலையில் ஊசி போடும் முறையை 1970களின் தொடக்கத்தில் ஷான்சி மாகாணத்தில் ஜியாவ் ஷுன்ஃபா என்பவர் வகுத்தார். அதே காலத்தில், 1972இல், தியான்ஜினில் ஷி ஷ்யூமின் வேறொரு முறையைக் கொண்டுவந்தார், அது இன்றும் அங்கே பரவலாகப் புழங்குகிறது. இவையெல்லாம் ஆஸ்பத்திரி வார்டுக்குள் நடப்பவை. அங்கே நோயாளிக்கு சி.டி. ஸ்கேன் எடுப்பார்கள், பி.பி. மாத்திரை கொடுப்பார்கள், நடக்கப் பழக்குவார்கள், கூடவே ஊசியும் போடுவார்கள். நம் நாட்டுக்கு இதைக் கொண்டுவந்ததிலும் ஆங்கில மருத்துவம் படித்த ஒருவருக்குப் பெரிய பங்கு உண்டு. 1938இல் டாக்டர் கோட்னிஸுடன் சீனா போன இந்திய மருத்துவக் குழுவில் இருந்த டாக்டர் பி.கே. பாசு, 1950களின் இறுதியில் மறுபடி போய்க் கற்றுக்கொண்டு வந்து கல்கத்தாவில் ஆரம்பித்தார். மருந்தெல்லாம் கழிவு, நிறுத்தினால் உடம்பு தானே சரிசெய்துகொள்ளும் என்பது பிற்பாடு நம் பக்கம் ஒட்டிக்கொண்ட பேச்சு. ஊசிகூட வேண்டாம், ஒரு விரலால் தொட்டால் போதும் என்கிறவர்களிடம் அது இன்னும் பலமாக இருக்கிறது.

சரி, ஊசிக்கு வருவோம். பலன் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு முன்னால், எதுவுமே செய்யாவிட்டாலும் என்ன நடக்கும் என்று தெரிந்திருக்க வேண்டும். ரத்தம் கசியும்போது மூளையில் சில நரம்பிழைகள் அறுந்துவிடுகின்றன, பல இழைகள் அமுங்கித்தான் போகின்றன. கட்டி கரைந்து, சுற்றியுள்ள வீக்கம் வடிய வாரங்கள் ஆகும். வடிய வடிய அமுங்கியவை மெல்ல விழித்துக்கொள்ளும். ரத்தக்குழாய் அடைத்து வரும் பக்கவாதத்தைவிட, கசிவு வந்தவர்கள் ஆரம்பத்தில் மோசமாகத் தெரிந்து, பிறகு எதிர்பார்த்ததைவிட நன்றாகத் தேறுவதை எங்கள் வேலையில் அடிக்கடி பார்க்கிறோம். முதல் மூன்று மாதம் முன்னேற்றம் வேகமாக இருக்கும், ஆறு மாதம் வரை நன்றாகத் தெரியும், அதன் பிறகும் நிற்காது, மெதுவாகும். ஒன்பதாவது வாரத்தில் யார் எதைச் செய்தாலும், பன்னிரண்டாவது வாரத்தில் அப்பா இன்றைக்கு இருப்பதைவிட நன்றாக இருக்கவே வாய்ப்பு அதிகம். "மூன்று மாதத்தில் நடக்க வைக்கிறேன்" என்பவர் தெரிந்தோ தெரியாமலோ இந்த அலையின் மேல்தான் படகு விடுகிறார். கால் முதலில் வந்து கை பிந்துவதும் சாதாரணமாக நடப்பதுதான்.

இதனால்தான் ஒப்பிட்டுப் பார்க்காமல் எதையும் சொல்ல முடிவதில்லை. எனக்குப் பிடித்த உதாரணம் சுவீடனில் நடந்தது. 1993இல் லுண்ட் நகரத்துக் குழு ஒன்று 78 பக்கவாத நோயாளிகளை எடுத்துக்கொண்டது. எல்லோருக்கும் வழக்கமான பயிற்சி. பாதிப் பேருக்கு மட்டும் வாரம் இருமுறை, பத்து வாரம், கூடுதலாக அக்குபங்சர். ஊசி போட்டவர்கள் நடை, சமநிலை, அன்றாட வேலைகள் எல்லாவற்றிலும் முந்தினார்கள். உலகமெங்கும் பேசப்பட்ட முடிவு. ஆனால் ஊசி போட்டவர்களுக்குக் கூடவே வேறொன்றும் கிடைத்தது: வாரம் இருமுறை அரைமணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் காட்டிய அக்கறை. மற்றவர்களுக்கு அது இல்லை. இதை அந்த ஆய்வாளர்களே உணர்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருவரான பார்ப்ரோ ஜொஹான்சன் இன்னும் பல ஆஸ்பத்திரிகளைச் சேர்த்துக்கொண்டு 150 பேரை வைத்து மறுபடி செய்தார். இம்முறை ஒரு குழுவுக்கு அக்குபங்சர், ஒரு குழுவுக்குத் தசை துடிக்கும் அளவு மின்தூண்டல், மூன்றாவது குழுவுக்கு உணரவே முடியாத அளவு மின்தூண்டல், அதாவது பெயருக்கு ஒரு சிகிச்சை. 2001இல் முடிவு வந்தது. மூன்று மாதத்திலும் சரி, ஒரு வருடத்திலும் சரி, மூன்று குழுவுக்கும் வித்தியாசம் இல்லை. தன் முதல் முடிவைத் தானே உரசிப் பார்த்து, ஒட்டவில்லை என்றதும் அதையும் அச்சில் போட்ட அந்த அம்மையார்மேல் எனக்குத் தனி மரியாதை.

அதற்குப் பிறகு எத்தனையோ ஆய்வுகள், பெரும்பாலும் சீனாவில். 2016இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் குழு 31 ஆய்வுகளை, மொத்தம் 2,257 நோயாளிகளை, ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தது. பக்கவாதத்திலிருந்து தேறிவரும் காலத்தில் நன்மை இருக்கலாம், பெரிய ஆபத்து தென்படவில்லை, ஆனால் ஆய்வுகளின் தரமும் அளவும் போதாது, எல்லோருக்கும் பரிந்துரைக்க முடியாது என்று முடித்தார்கள். இவற்றில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் குழாய் அடைத்தவர்கள் என்பதையும் மனதில் வையுங்கள், உங்கள் அப்பாவைப் போலக் கசிவு வந்தவர்கள் குறைவு. இன்னொரு சங்கடமும் உண்டு. 1998இல் ஆண்ட்ரூ விக்கர்ஸ் என்ற ஆய்வாளர் நாடுவாரியாக அலசியபோது, சீனாவிலிருந்து வந்த அக்குபங்சர் ஆய்வுகளில் ஒன்றுகூடத் தோற்கவில்லை என்று தெரிந்தது. எல்லாப் பரீட்சையிலும் நூற்றுக்கு நூறு என்றால் விடைத்தாள் திருத்தியவர்மேல் சந்தேகம் வருவது இயல்பு. ஆனால் அதே விக்கர்ஸ் 2012இல் நாள்பட்ட வலிக்காக ஏறக்குறைய 18,000 நோயாளிகளின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்து, போலி ஊசியைவிட நிஜ ஊசி கொஞ்சம் கூடுதலாகவே வலியைக் குறைக்கிறது என்று சொன்னார். போலி ஊசியில் ஒரு வகை நாடகத்தில் குத்தும் கத்தி மாதிரி. தோலில் பட்டதும் கைப்பிடிக்குள் வழுக்கிப் போய்விடும், நோயாளிக்குக் குத்திய மாதிரியே இருக்கும். ஆக, ஆளைப் பார்த்து ஆதரிப்பதும் எதிர்ப்பதும் இல்லாமல் எண்ணைப் பார்த்தால், வலிக்கு ஓரளவு ஆதாரம் இருக்கிறது, செயலிழந்த கையைக் கொண்டுவருவதற்கு நம்பும்படியான ஆதாரம் இல்லை. பேச்சு நடுவில் நிற்கிறது. 2024இல் சீனாவில் பக்கவாதத்துக்குப் பிறகு பேச்சிழந்த 252 பேரிடம், எல்லோருக்கும் பேச்சுப் பயிற்சி கொடுத்து, பாதிப் பேருக்கு நிஜ ஊசியும் பாதிப் பேருக்குப் போலி ஊசியும் ஆறு வாரம் போட்டுப் பார்த்ததில் நிஜ ஊசிக்காரர்கள் முந்தினார்கள். வேறு நாட்டில் யாராவது இதைத் திரும்பச் செய்து அதே முடிவு வந்தால் நானும் கருத்தை மாற்றிக்கொள்வேன்.

"ஆனால் ஊசி போட்டதும் விரல் அசைந்ததே சார்" என்று என்னிடம் சொல்லாத குடும்பம் குறைவு. அவர்கள் பொய் சொல்லவில்லை. ஒருநாள் ஒரு நோயாளியின் மகன் செல்போனில் எடுத்த வீடியோவைக் காட்டினார். கட்டைவிரலுக்கும் ஆட்காட்டிவிரலுக்கும் நடுவே உள்ள சதையில், ஹேகு என்று சொல்லும் புள்ளியில், ஊசி. அதில் சின்ன கிளிப் மாட்டி ஒரு பெட்டியிலிருந்து மின்சாரம். கட்டைவிரல் டக் டக் என்று துடிக்கிறது. வீட்டில் எல்லோரும் அழுதிருக்கிறார்கள். பெட்டியை நிறுத்தியதும் விரல் நின்றுவிட்டது, வீடியோவும் அங்கேயே முடிந்துவிட்டது. பக்கவாதத்தில் கெட்டுப்போனது மூளையிலிருந்து வரும் கட்டளை. கையில் இருக்கும் நரம்பும் தசையும் நன்றாகவே இருக்கின்றன, மின்சாரம் கொடுத்தால் துடிக்கத்தான் செய்யும். நான் பார்க்க விரும்புவது வேறு வீடியோ: ஊசி இல்லாமல், "விரலை விரிங்க அப்பா" என்று சொன்ன பிறகு, ஒரு நூல் அளவாவது விரல் தானாகத் திறப்பது.

இனி உங்கள் அப்பாவின் நிலைமைக்கே உரிய விஷயம், தயவுசெய்து கவனமாகப் படியுங்கள். தலை ஊசி முறையில் வலது கை வரவில்லையென்றால் வழக்கமாக இடது பக்கத் தலையில்தான் போடுவார்கள், உச்சியிலிருந்து நெற்றிப்பொட்டுப் பக்கமாகச் சரியும் ஒரு கோட்டில். அப்பாவுக்கு எலும்பை எடுத்திருப்பதும் அதே இடது பக்கம். சாதாரணமாக ஊசி தோலுக்கும் எலும்புக்கும் இடையே சாய்வாக வழுக்கிப் போகும், எலும்பு தடுத்துவிடும். தடுக்க எலும்பே இல்லாத இடத்தில் தோலுக்கு அடியில் இருப்பது மூளையின் உறைதான். எலும்பு திரும்ப வைத்து, ஆபரேஷன் செய்த டாக்டர் சம்மதிக்கும் வரை தலையில் ஊசி என்ற பேச்சே வேண்டாம். எடுத்த எலும்பைச் சில ஆஸ்பத்திரிகளில் வயிற்றுத் தோலுக்கு அடியில் வைத்துத் தைத்திருப்பார்கள், அப்படியிருந்தால் அங்கேயும் குத்தக் கூடாது. தலைநீர் வடிய ஷன்ட் குழாய் வைத்திருந்தால் அது காதுக்குப் பின்னால் இறங்கி, கழுத்து, மார்பு வழியாக வயிறு வரை தோலுக்கடியில் போகும். அந்தப் பாதையையும் தொடக் கூடாது. டிஸ்சார்ஜ் சம்மரியில் இதெல்லாம் எழுதியிருக்கும். அக்குபங்சர்காரர் அதைக் கேட்டு வாங்கிப் படித்தாரா? படிக்காமலே தலையில் ஊசி என்று சொல்லியிருந்தால், எனக்கு அது ஒன்றே போதும், வேறு ஆளைப் பாருங்கள்.

எலும்பு வைத்த பிறகு, டாக்டர் சரி என்று சொல்லி, வீட்டில் எல்லோரும் ஆசைப்பட்டால், கை காலில் போட்டுப் பார்ப்பதை நான் தடுக்க மாட்டேன். குறிப்பாகத் தோள்பட்டை வலி. செயலிழந்த கை தொங்கித் தோள் மூட்டு இறங்கி வலிப்பது பக்கவாதத்தில் பெரிய தொல்லை, அந்த வலிக்கு ஊசி கொஞ்சம் உதவினால் பயிற்சி செய்ய மனசு வரும். ஒவ்வொரு முறையும் உங்கள் கண்ணெதிரே பாக்கெட் பிரித்த புது ஊசியா என்று பாருங்கள். முதுகு மேல்பக்கமும் விலாவிலும் ஆழமாகக் குத்த விடாதீர்கள், நுரையீரல் ஓட்டையான சம்பவங்கள் பதிவாகியிருக்கின்றன. வலிப்பு வந்திருந்தால் மின்சாரப் பெட்டி வேண்டாம். மரத்துப்போன பக்கத்தில் மூலிகைச் சூடு வைத்தால் கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். பிறகு, ஒரு மாதம் என்று கணக்கு வைத்துக்கொண்டு தொடங்குங்கள். ஆரம்பிக்கும் முன் அப்பா எதைச் செய்ய முடியவில்லை என்று தேதி போட்டு எழுதி வையுங்கள். மாதம் முடிந்து அதில் மாற்றம் இல்லையென்றால் நிறுத்திவிடலாம்.

பணத்தைவிட நான் கவலைப்படுவது நேரத்தைப் பற்றி. மூளை ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு மனிதருக்கு ஒரு நாளைக்கு இருக்கும் தெம்பு கொஞ்சம்தான். மாடிப்படி இறக்கி, ஆட்டோவில் ஏற்றி, குண்டும் குழியுமான ரோட்டில் போய், அரைமணி காத்திருந்து, ஊசியோடு அரைமணி படுத்து, திரும்பி வந்தால் அப்பா சாயங்காலம் வரை தூங்குவார். அந்த நாளில் அவர் ஒருமுறைகூட எழுந்து நிற்கப் பழகியிருக்க மாட்டார். மூளை புதுப் பாதை போட்டுக்கொள்வது திரும்பத் திரும்பச் செய்வதால்தான், அதுவும் அவரே முயன்று செய்வதால்தான். கைப்பிடி இல்லாத, கொஞ்சம் உயரமான நாற்காலி ஒன்றைச் சுவரோரம் போடுங்கள். பிசியோதெரபிஸ்ட் ஒருமுறை வந்து காட்டிய பிறகு, காலையில் பத்து தரம், மதியம் பத்து தரம், மாலையில் பத்து தரம் உட்கார்ந்து எழ வையுங்கள். வலது காலிலும் பாரம் விழுகிறதா என்று பாருங்கள், விழாது, இடது காலிலேயே எழுந்து ஏமாற்றுவார், இடது பாதத்தைக் கொஞ்சம் முன்னால் தள்ளி வைத்தால் ஏமாற்ற முடியாது. எலும்பு இல்லாத தலைக்கு ஹெல்மெட் போடாமல் எழ வைக்கக் கூடாது. தூக்கும்போது வலது அக்குளில் கை கொடுத்து இழுக்காதீர்கள், தோள் கெடுவது பெரும்பாலும் அப்படித்தான். பேச்சுக்கு, தெரிந்த பாட்டைப் பாடச் சொல்லுங்கள், ஒன்று இரண்டு மூன்று எண்ணச் சொல்லுங்கள். "தண்ணி" என்று கேட்க முடியாதவர் முழுப் பாட்டைப் பாடிவிடுவார், வீட்டில் எல்லோரும் அசந்துபோவார்கள். அது முழுப் பேச்சு ஆகிவிடாது, ஆனால் பேச்சுப் பயிற்சி தருபவர் அங்கிருந்துதான் தொடங்குவார்.

கை வருமா என்று கேட்டால், தொலைவிலிருந்து சொல்ல முடியாது. இப்போதே தோளைத் தூக்க முடிகிறதா, விரலில் ஏதாவது தானாகத் திறக்கிறதா என்பதுதான் நல்ல அடையாளம். அடுத்த தடவை பிசியோதெரபிஸ்ட் வரும்போது இவை இரண்டையும் கேளுங்கள்.

சித்தப்பாவை எப்படிச் சமாளிப்பது என்றும் கேட்டிருந்தீர்கள். அவர் சும்மா இருக்க முடியாமல்தான் இதைத் தேடிப் பிடித்திருக்கிறார், அண்ணன் படுத்திருப்பதைப் பார்க்க அவருக்கு மனசு தாங்கவில்லை. அவரிடம் ஆய்வு, காக்ரேன் என்றெல்லாம் பேச வேண்டாம். பி.பி. பார்க்கும் மிஷின் ஒன்று வாங்கி அவர் கையில் கொடுங்கள், தினமும் காலையில் பார்த்து நோட்டில் எழுதுவது அவர் பொறுப்பு என்று சொல்லுங்கள். சாயங்காலம் அந்தப் பத்து தரம் நாற்காலியிலிருந்து எழ வைக்க உங்களுக்கு எப்படியும் இன்னொரு ஆள் வேண்டும்.